முதுசம் கேக்க வந்தவர்

பிள்ளை தமிழோ? ஓம், நான் அப்பவே நினைச்சனான். அந்தச் சாப்பாட்டுப் பெட்டியை மடியிலை வைச்சு ரெண்டு கையாலையும் பிடிச்சிருக்கிற விதத்திலையே தெரிஞ்சு போச்சு. எந்த இடம்? திருநெல்வேலியோ? பாருங்கோ, எங்கடை யாழ்ப்பாணத்திலையும் ஒரு திருநெல்வேலி கிடக்கு, நாங்கள் தின்னவேலி எண்டுவம். ஒரு பேரிலை ரெண்டு ஊர். சிரிக்காதேங்கோ, என்ரை கரைச்சல் முழுக்க அதிலையிருந்துதான் வந்தது.

நான் இதிலை இருக்கலாமோ? இந்தப் பாதை அக்கரை போய்ச் சேர முப்பத்தைஞ்சு நிமிசம் எடுக்கும். பாதை எண்டால் முழிக்கிறியள். இந்தக் கப்பலைத்தான் சொல்லுறன். காரையும் பஸ்சையும் ஏத்திக்கொண்டு கடலைக் கடக்கிறதை ஊரிலை நாங்கள் பாதை எண்டுதான் சொல்லுறது. அக்கரையிலை ஒரு அமெரிக்கன் எனக்காகக் காத்துக்கொண்டு நிக்கிறார். கோட்டுப் பட்டனைப் பூட்டிப் பூட்டிக் கழட்டிறன், பாருங்கோ. குளிரில்லை, நோர்வேக் குளிர் எனக்கு முப்பது வருசப் பழக்கம். இது பயம்.

உங்களுக்கு இங்கிலீசு வடிவா வரும் என்ன? வரும், இந்தியாவிலையிருந்து படிக்க வந்த பிள்ளைக்கு வராமல் விடுமோ. அதுக்குத்தான் வந்து இருந்தனான், மறைக்கேல்லை. அங்கை பத்தொன்பது பேருக்கு முன்னாலை என்னை இங்கிலீசிலை ரெண்டு வார்த்தை பேசட்டாம். என்ன பேசிறதெண்டு உங்களிட்டைக் கேக்கிறதெண்டால் முதலிலை இருந்து சொல்லோணும். கேளுங்கோ.

நான் குணநாயகம். வலிகாமம் வடக்கு. ஊரிலை ஒரு நொத்தாரிசு ஐயாவிட்டை ஆறு வருசம் கிளாக்கரா இருந்தனான். காணி உறுதி, உங்கடை பக்கம் பத்திரம் எண்டுவியள், அது எழுதிறதுதான் வேலை. எங்கடை பக்கத்திலை ஒவ்வொரு காணித் துண்டுக்கும் ஒரு பேர் இருக்கும். நாவலடி வளவு, பூவரசங்கலட்டி, அப்பிடி. அந்தப் பேரைப் போட்டு, வடக்கெல்லை ஆற்றை, ஆருடையது, கிழக்கெல்லை ஆற்றை எண்டு எழுதினாத்தான் அது காணி. எழுதி எழுதி எனக்குக் காணிச் சட்டம் முழுக்கத் தலைகீழாத் தெரியும். நொத்தாரிசு ஐயா சொல்லுவார், குணம், உனக்குத் தெரிஞ்சது அரைவாசி, மற்ற அரைவாசியை நீ துணிவாலை நிரப்பிறாய் எண்டு. அவர் பகிடிக்குச் சொல்லுறது.

அதிலை முதுசம் எண்டு ஒண்டு இருக்கு. பேரன் பூட்டன் வழியிலை வாற சொத்து, நாங்கள் தாத்தாவைப் பேரன் எண்டுதான் சொல்லுறது. முதுசக் காணியை வெளியாளுக்கு விக்கிறதெண்டால் முதலிலை உரித்துக்காரருக்கு அறிவிக்கோணும். அறிவியாமல் வித்தால், எப்பவோ சிங்கப்பூருக்குப் போனவன்ரை பேரப்பெடியன் ஒருநாள் வந்து படலையிலை நிண்டு, இது எங்கடை முதுசம், இறங்கு வெளியிலை எண்டு சொல்லலாம். அப்பிடி வந்த வழக்குக்கு நானே தட்டெழுத்து அடிச்சிருக்கிறன். காணியை வாங்கின மனுசன் கந்தோர்ப் படியிலை தலையிலை கைவைச்சுக்கொண்டு இருந்தார். அந்த முகம் இன்னும் என்ரை கண்ணுக்குள்ளை நிக்குது, பிள்ளை.

எண்பத்தேழிலை இஞ்சை வந்தன். நோர்வேயின்ரை வடக்கிலை ஒரு மீன் தொழிற்சாலையிலை பன்ரெண்டு வருசம் மீன் வெட்டினன். நான் இஞ்சை மீன் வெட்ட, தொண்ணூறிலை அங்கை எங்கடை ஊர் முழுக்க எழும்ப வேண்டி வந்தது. அம்மாவையள் உடுத்த உடுப்போடை வெளிக்கிட்டவை. பேந்து அது ஆமியின்ரை இடமாப் போச்சு. பெட்டி நிறைய உறுதி இருந்தது, ஆனா காணியிலை கால் வைக்கேலாது. அதுக்குப் பிறகு எனக்கு வீடு எண்டாலே ஒரு பயம். இருக்கிற வீட்டையும் ஆரும் வந்து பறிச்சிடுவினமோ எண்டு.

நோர்வேஜியப் பாசை படிக்கேக்கை ரீச்சர் ஒருநாள் ஊடெல் எண்டு ஒரு சொல்லுச் சொன்னா. எங்கடை ஊடல் இல்லை, புருசன் பெண்சாதிக் கோவம் இல்லை. இஞ்சத்தைக் கமக்காரற்றை, விவசாயியளின்ரை, காணியை வித்தாலும், பரம்பரையிலை வந்தவன் பிறகு வந்து தனக்குத் தா எண்டு கேக்கலாமாம். மற்றப் பெடியள் கொட்டாவி விட்டுக்கொண்டு இருந்தாங்கள். நான் மட்டும் நிமிந்து இருந்தன். அட, இது எங்கடை முதுசம் எல்லோ? ரீச்சர் அதுக்குப் பிறகும் கால்மணித்தியாலம் என்னவோ விளங்கப்படுத்தினா, நான் கேக்கேல்லை. எனக்குத் தெரிஞ்ச சட்டம்தானே.

இப்ப இருக்கிற வீட்டை வாங்கிப் பதினாலு வருசம். மலைச்சரிவிலை பழைய மரவீடு, கொஞ்சம் உருளைக்கிழங்குத் தரை. அந்த இடத்துக்குப் பேர் பெர்கெ. இஞ்சையும் காணிக்குப் பேர் இருக்கு எண்டு கண்டு எனக்கு நல்ல புளுகம், பெரிய சந்தோசம். ஆனா ஒரு வித்தியாசம். எங்கடை ஊரிலை காணியின்ரை பேர் உறுதிக்குள்ளை கிடக்கும். இஞ்சை காணியின்ரை பேரை மனுசர் தங்கடை பேரோடை ஒட்டிக்கொண்டு திரிவினம்.

அந்த வீட்டு மேலறையிலை ஒரு பெட்டகம் கிடந்தது. நீலத்திலை பூப்போட்ட மரப்பெட்டகம். முன்பக்கத்திலை வெள்ளை எழுத்திலை நில்ஸ் பெர்கெ, 1903, அமெரிக்கா எண்டு எழுதியிருந்தது. வித்த ஆக்கள் அதை விட்டிட்டுப் போயிட்டினம். என்ரை மனுசி மலர் பாத்திட்டு, நல்ல காத்திரமான பெட்டி, எலி ஏறாது எண்டாள். ரெண்டு பேருமாக் கீழை இறக்கி அரிசி போட்டு வைச்சம். எழுதியிருந்ததை நான் ஒருநாளும் யோசிக்கேல்லை. அரிசி அள்ளிறவன் மூடியைத்தானே பாப்பான்.

ரெண்டு வருசத்துக்கு முந்தி, ஆனி மாதம், பகல் பன்ரெண்டு மணி இருக்கும். மலர் வேலைக்குப் போயிட்டாள், முதியோர் இல்லத்திலை வேலை. ஒரு பெரிய கார் வந்து நிண்டுது. வெள்ளைத் தொப்பி போட்ட ஒரு கிழவர் இறங்கினார், எழுபத்தைஞ்சு வயது வரும். இறங்கினவர் வாசலுக்கு வரேல்லை, பிள்ளை. வீட்டின்ரை நாலு மூலையையும் படம் எடுத்தார். கிணத்தை எட்டிப் பாத்தார். குனிஞ்சு ஒரு கல்லை எடுத்துச் சட்டைப் பைக்குள்ளை போட்டார். கல்லை எடுத்தாரே, அந்த இடத்திலை நான் யன்னலுக்குக் கிட்ட ஓடினன். எல்லைக்கல்லைப் பிடுங்கிறார் எண்டுதான் எனக்குப் பட்டது. ஆறு வருசம் கந்தோரிலை எத்தினை எல்லைக்கல்லுச் சண்டை பாத்திருக்கிறன்.

பிறகு வாசலுக்கு வந்தார். கையைக் குடுத்தார். தன்ரை பேர் கோர்டன் பெர்கி எண்டார்.

பெர்கி. அமெரிக்கனுக்குப் பெர்கெ எண்டு வராது, பெர்கி எண்டுதான் வரும். என்ரை காணியின்ரை பேரைத் தன்ரை பேராக் கொண்டு ஒருத்தர் என்ரை வாசலிலை நிக்கிறார். இங்கிலீசு எனக்கு விளங்கும், கதைக்கத்தான் வராது. தன்ரை பேரன், தேப்பன்ரை தேப்பன், இந்த இடத்திலையிருந்து அமெரிக்கா வந்து, பேந்து இஞ்சையே திரும்பிப் போனவர் எண்டு சொன்னார். பேரன்ரை பேர் நில்ஸ் எண்டார். எனக்குக் காதுக்குள்ளை ஊடெல், ஊடெல் எண்டு மணி அடிக்குது. பன்ரெண்டு வருசமா நான் அவற்றை பேரன்ரை பெட்டியிலையிருந்து சோறு திண்டிருக்கிறன். பெட்டி இருக்குதெண்டால் அத்தாட்சி இருக்குது எண்டு அர்த்தம். ஒரு நொத்தாரிசுக்கு அது போதும்.

கிழவர் சப்பாத்தைக் கழட்டிற நேரத்துக்குள்ளை நான் ஓடிப்போய்ப் படுக்கைவிரிப்பை இழுத்துப் பெட்டகத்துக்கு மேலை போட்டிட்டன். அவர் உள்ளை வந்து சுத்திப் பாத்திட்டு எங்கை இருந்தவர் எண்டு நினைக்கிறியள்? கதிரை ரெண்டு கிடந்தது. அதிலை இருக்கேல்லை. நேரை போய் அந்தப் பெட்டகத்துக்கு மேலை இருந்தார். நான் தேத்தண்ணியும் பருத்தித்துறை வடையும் குடுத்தன். வாங்கி மடியிலை வைச்சுக்கொண்டு கதை சொல்லத் தொடங்கினார்.

நில்ஸ் அமெரிக்காவிலை கலியாணம் முடிச்சு மூண்டு பிள்ளையள். கடைசிப் பெடியனுக்கு ஒரு வயதா இருக்கேக்கை, தாய் சாகக் கிடக்கிறா எண்டு கேள்விப்பட்டு, பாத்திட்டு ஓடிவாறன் எண்டு சொல்லிக் கப்பலேறினவராம். வரேல்லை. அந்த ஒரு வயதுப் பெடியன்தான் இவற்றை தேப்பன். தொண்ணூறு வயதிலை சாகும்வரைக்கும் அந்த மனுசனுக்கு ஒரே கேள்விதானாம், ஏன் எங்களை விட்டிட்டுப் போனவர் எண்டு. சொல்லேக்கை கிழவருக்குக் கண் கலங்கிச்சுது. நான் பாவமெண்டுதான் நினைச்சன், இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனா அழுதழுது வந்து எழுதுவிச்சுக்கொண்டு போறவையையும் நான் கந்தோரிலை கண்டிருக்கிறன்.

அப்பதான் என்ரை வாய் தானாத் திறந்துது. இது இல்லை எண்டன். கையை நீட்டி யன்னலாலை கடலைக் காட்டினன். அக்கரையிலையும் ஒரு பெர்கெ இருக்கு, உங்கடை அதுதான், இந்த வீட்டிலை அப்பிடியொரு நில்ஸ் இருக்கேல்லை, இஞ்சத்தைப் பழைய ஆக்கள் எனக்குச் சொன்னவை எண்டு தெரிஞ்ச அரைகுறை இங்கிலீசிலை சொன்னன். ஒருத்தரும் சொல்லேல்லை, பிள்ளை. அக்கரையிலை ஒரு பெர்கெ இருக்கிறது மட்டும் மெய், அதின்ரை கடிதங்கள் சிலவேளை எங்களிட்டை மாறி வாறது, அதிலை தெரியும். கிழவர் என்ரை கையைப் பிடிச்சு நன்றி சொல்லி, வடையையும் முடிச்சிட்டுப் போனார். பெட்டகம் சூடாக் கிடந்துது, அவர் இருந்த சூடு. அண்டு பின்னேரமே பழைய நீலப்பெயின்ற் ரின் ஒண்டைத் தேடி எடுத்து அந்தப் பேருக்கு மேலை ரெண்டு பூச்சுப் பூசிவிட்டன். மலர் வேலையாலை வந்து, ஏன் வீடு மணக்குது எண்டு கேட்டாள். பெட்டி உக்குது, அதுக்குப் பூசினனான் எண்டன்.

ஏன் ஆரையும் கேக்கேல்லை எண்டு கேக்கிறியளோ? கேக்கலாம்தான். சட்டத்தரணி இருக்கு, நகரசபை இருக்கு. ஆனா கேட்டால் பதிவாகும் எல்லோ. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. நான் ஊதேல்லை.

ரெண்டு கிழமையாலை போன் வந்துது. கோர்டன் அழுகிறார். அக்கரைப் பெர்கெக்காரற்றை கோயில் சவக்காலையிலை நில்ஸ் பெர்கெ எண்டு கல்லு நிக்குதாம். வருசமும் கிட்டத்தட்டச் சரியாம். நில்ஸ் எண்டது இஞ்சை எங்கடை கந்தையா மாதிரி, ஊருக்கு ஏழு பேர். கல்லிலை அவற்றை பெண்சாதியின்ரை பேரும் அஞ்சு பிள்ளையளின்ரை பேரும் வெட்டிக் கிடக்காம். என்ரை பேரன் இஞ்சை வந்து வேறை குடும்பம் வைச்சிருக்கிறார், அதுதான் திரும்பி வரேல்லை எண்டார். பரவாயில்லை, அப்பாவுக்காக நான் மன்னிச்சிட்டன், நீங்கள்தான் எனக்கு வழி காட்டின மனுசன் எண்டார். நான் ஓம் ஓம் எண்டன். வேறை என்ன சொல்ல ஏலும்? வீடு தப்பிச்சுது எண்ட நிம்மதி ஒரு பக்கம். மற்றப் பக்கம், அண்டையிலிருந்து எங்கடை ஒழுங்கையிலை அறியாத கார் ஒண்டு திரும்பினால் எனக்குச் சோறு இறங்காது. நத்தாருக்கு, கிறிஸ்மசுக்கு, அவற்றை வாழ்த்துமட்டை வரும், உறையை உடைக்காமல் ரெண்டு நாள் வைச்சிருப்பன். வழக்குக் கடிதமோ எண்டு. மடியிலை கனமிருந்தால் வழியிலை பயம்.

இதுக்குள்ளை நான் ஊருக்குப் போய் வந்தனான். அதையும் சொல்லோணும், ஏனெண்டால் மனுசர் எவ்வளவு பொல்லாதவை எண்டு உங்களுக்கு விளங்கோணும். எங்கடை பக்கம் கொஞ்சக் காணியை ஆமி விட்டிட்டாங்கள் எண்டு கேள்விப்பட்டுப் போனன். போனால் ஒண்டும் விளங்கேல்லை. மதில் இல்லை, கிணறு மூடியாச்சு, மரம் ஒண்டும் இல்லை. கிட்டத்தட்ட முப்பது வருசம் கழிச்சுச் சொந்த வளவைத் தேடி வெய்யிலுக்குள்ளை அலைஞ்சன். ஒரு பக்கம் வெங்காயம் போட்டிருந்துது, நல்ல செழிப்பு. அதுக்கை ஒருத்தர் பாத்திக்குப் பாத்தி தண்ணி மாறிக்கொண்டு நிண்டார், எங்கையோ இருந்து இடம்பெயர்ந்து வந்த ஆள்போலை. என்ரை தேப்பன்ரை பேரைச் சொல்லி எங்கடை வளவு எதெண்டு கேட்டன். மனுசன் என்னை மேலுங்கீழும் பாத்திட்டு, இது இல்லை, ரோட்டுக்கு அங்காலை, அந்தப் பத்தை மூடிப் புதராக் கிடக்கிறதுதான் உங்கடை எண்டு கையைக் காட்டினார்.

நான் நம்பிப் போனன், பிள்ளை. அந்தப் பத்தைக்குள்ளை நிண்டு அழுதன். மண்ணை அள்ளி நெத்தியிலை வைச்சன். படம் எடுத்துத் தம்பிக்கு அனுப்பினன், அவன் கனடாவிலை. அவன் உடனை எடுத்தான். அண்ணை, இது மாசிலாமணியத்தாற்றை வளவெல்லோ, எங்கடை மற்றப் பக்கம், வெங்காயம் தெரியுது பாருங்கோ, அதுதான் எண்டான். நான் ஆற்றையோ காணிக்குள்ளை நிண்டு அழுதிருக்கிறன். அந்த மனுசனை மன்னிக்கலாமோ, சொல்லுங்கோ? நான் என்ன அவற்றை வெங்காயத்தைப் பிடுங்கவோ போனன்? பாத்திட்டு, தொட்டிட்டு வரத்தானே போனன். வாய் திறந்து கேட்டிருந்தால் நீயே இரு, செய்து சாப்பிடு எண்டு சொல்லியிருப்பன். ஒரு மனுசனுக்குத் தன்ரை மண் எதெண்டு காட்டாமல் விடுறது எவ்வளவு பெரிய பாவம். இப்ப நினைச்சாலும் பத்துது.

சரி, விட்ட இடத்துக்கு வாறன். போன மாதம் கோர்டன் ஒரு நீளக் கடிதம் போட்டார். குடும்பமாப் பத்தொன்பது பேர் வருகினமாம். அவற்றை தேப்பனை எரிச்ச சாம்பல் பதினாறு வருசமா வீட்டு அலுமாரிக்குள்ளை இருக்காம். அதைக் கொண்டுவந்து நில்சின்ரை கல்லுக்குப் பக்கத்திலை வைக்கப் போறாராம். ஒரு வயதிலை பிரிஞ்ச பிள்ளையைத் தேப்பனோடை சேர்க்கப் போறன், அண்டைக்கு வழி காட்டின நீங்கள் வந்து ரெண்டு வார்த்தை பேசோணும் எண்டு எழுதியிருந்தார். அந்த நாள்தான் இண்டைக்கு.

கடிதத்தை மலர்தான் உடைச்சவள். வாசிச்சிட்டு, ஆர் இந்த நில்ஸ் எண்டு கேட்டாள். நான் சொல்லமுதல் பக்கத்து வீட்டுத் தூரிட் வந்திட்டா, ருபாப் எண்ட புளிப்புத் தண்டு குடுக்க வந்தவ. எண்பது வயது, எங்களுக்கு மேலை இருக்கிற வீடு. நில்ஸ் எண்ட பேரைக் கேட்டவுடனை, ஓ, பெட்டகத்து நில்சோ எண்டா.

பிள்ளை, அந்த மனுசி ஒரு கோப்பை குடிச்சு முடிக்கிற நேரத்துக்குள்ளை எல்லாத்தையும் சொல்லிப்போட்டா. நில்ஸ் இந்தப் பெர்கெதான். ஆனா பெர்கெ அவையின்ரை இல்லை. அவற்றை தாய் தேப்பன் பெர்கெக்காரற்றை காணியிலை ஒரு குடில் போட்டு, அதுக்குப் பதிலா அவைக்கு வயல்வேலை செய்து குடுத்த ஆக்கள். இருந்த இடத்தின்ரை பேரைத்தான் அமெரிக்காவிலை எழுதிக் குடுத்திருக்கிறார். உரித்தும் இல்லை, பங்கும் இல்லை. நான் மெதுவா, அப்ப ஊடெல் எண்டு கேட்டன். தூரிட் சிரிச்சா. உன்ரை நாலு பாத்தி உருளைக்கிழங்குக்கு ஆர் ஊடெல் தரப் போறான், அது பெரிய கமங்களுக்குத்தான், அதுவும் வித்துக் கொஞ்சக் காலத்துக்குள்ளை கேக்கோணும் எண்டா. ரீச்சர் அண்டைக்கு அந்தக் கால்மணித்தியாலம் அதைத்தான் சொல்லியிருப்பா போலை.

இதோடை விட்டிருந்தால் நான் நிம்மதியாப் பெருமூச்சு விட்டிருப்பன். ஆனா அவ பிறகும் சொன்னா. தாயைப் பாக்க வந்த நில்சுக்குத் தாயின்ரை சயரோகம் ஒட்டிப் போச்சாம். நெஞ்சு வருத்தக்காரனை அமெரிக்காவிலை இறங்க விடாயினம் எண்டு கப்பல் டொக்டர் கையெழுத்து வைக்கேல்லையாம். பெர்கெக்காரர் பாவம் பாத்து மேலறையைக் குடுத்தவை. அமெரிக்காவுக்குக் கடிதம் எழுதி எழுதிப் போட்டவராம். பெண்சாதி பிள்ளையளோடை வேறை மாநிலத்துக்குத் தமையன் வீட்டை போயிட்டா, கடிதமெல்லாம் திரும்பி வந்ததாம். ஒவ்வொரு வருசமும் பனி கரைஞ்ச உடனை அந்தப் பெட்டகத்தைக் கட்டி, தள்ளுவண்டிலிலை வைச்சுத் துறைக்குத் தள்ளிக்கொண்டு போவாராம். இந்த வருசம் சுகம், இந்த வருசம் விடுவினம் எண்டு. அதுக்கு மேலை இருந்து கப்பலைப் பாத்துக்கொண்டிருப்பாராம். தூரிட்டின்ரை தாய் சின்னப்பிள்ளையா இருக்கேக்கை கண்ணாலை கண்டவ. டொக்டர் தலையை ஆட்டினவுடனை திருப்பித் தள்ளிக்கொண்டு மலையேறுவாராம். ஒம்பது வருசம். பத்தாவது வருசம் பனி கரையமுதல் செத்துப் போனார். வேறை கலியாணமும் இல்லை, ஒண்டும் இல்லை. கல்லு வைக்க ஆளில்லாமல் புதைச்ச இடமும் இப்ப தெரியாது.

தூரிட் போனாப் பிறகு மலர் பெட்டகத்துக்குக் கிட்டப் போய் நிண்டு அந்த நீலப் பூச்சைப் பாத்தாள். எல்லாத்தையும் சொன்னன், அவளிட்டை மறைக்கேலாது. சத்தம் போடுவாள் எண்டு நினைச்சன். போடேல்லை.

"அவர் வெங்காயத்துக்குப் பொய் சொன்னவர். நீங்கள் அரிசிக்குச் சொல்லியிருக்கிறியள்."

இவ்வளவுதான் சொன்னாள். அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம் எண்டு கேட்டன். அவன் தெரிஞ்சு செய்தவன், நான் பயத்திலை செய்தனான் எண்டன். அண்டையிலிருந்து என்னோடை கதையில்லை. அரிசியை எல்லாம் வேறை வாளிக்குள்ளை கொட்டிப்போட்டு, கத்தியாலை அந்தப் பூச்சைச் சுரண்டிக்கொண்டு இருக்கிறாள். காலமை நான் வெளிக்கிடேக்கையும் சுரண்டின சத்தம் கேட்டது. பொம்பிளையளுக்குச் சில விசயம் விளங்காது, பிள்ளை. நீங்கள் குறை நினைக்காதேங்கோ.

நீங்கள் படிச்ச பிள்ளை. இப்ப நான் என்ன செய்யிறது? இவ்வளவு நேரமும் இதைத்தான் யோசிச்சுக்கொண்டு வாறன். பேசாமல் போய், வாழ்த்திப்போட்டு, அவை தாற கோப்பியைக் குடிச்சிட்டு வரலாம். ஆருக்கும் தெரியாது. தூரிட்டுக்கு எண்பது வயது. கல்லு நல்ல கல்லு, கோயில் நல்ல கோயில், கடல் தெரியிற இடம். பத்தொன்பது பேர் அவ்வளவு தூரம் வந்திருக்கினம். அவையின்ரை சந்தோசத்தைக் கெடுக்க நான் ஆர்? இப்பிடி நூறு நியாயம் சொல்லலாம், இரவு முழுக்கச் சொல்லிப் பாத்தன். சொன்னாலும் நெஞ்சு கேக்குதில்லை. வேறை குடும்பம் வைச்சிருந்த ஆற்றையோ காலடியிலை அந்த மனுசனைப் புதைச்சால், தேப்பன் தன்னை விட்டிட்டுப் போனவர் எண்டதைக் கல்லிலை வெட்டிக் குடுத்தமாதிரி எல்லோ?

சொன்னாலும் பயம். நீ ஏன் பொய் சொன்னனீ எண்டு எல்லாருக்கும் முன்னாலை கேப்பினம். கேக்கட்டும். பொலிசுக்குப் போவினமோ? போனாலும் போகட்டும். வீடு போகாது, அது தெரிஞ்சு போச்சு. எனக்கு இப்ப அந்தப் பயம் இல்லை. அந்தக் கிழவற்றை முகத்தைப் பாக்கத்தான் பயம்.

என்ன, வந்திட்டமோ? அதுக்குள்ளையோ? முப்பத்தைஞ்சு நிமிசம் எண்டது சும்மா சொல்லுறது, காத்துப் பக்கமெண்டால் அரைமணித்தியாலம்தான். அங்கை பாருங்கோ, துறையிலை. கறுப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு வரிசையா. முன்னுக்கு நிக்கிறார், வெள்ளைத் தொப்பி. கண்டிட்டார் போலை. நெஞ்சோடை பிடிச்சிருக்கிறது தெரியுதோ, அந்த மரப்பெட்டி? அதுதான் அவற்றை தேப்பன். பாருங்கோ, பாருங்கோ, தேப்பனை மெல்லமாக் கீழை நிலத்திலை வைக்கிறார். ஏன் வைக்கிறார்? எனக்குக் கை காட்ட. ரெண்டு கையாலையும் காட்டுறார், பிள்ளை, சின்னப்பிள்ளை மாதிரி.

எழும்பிறன். கொஞ்சம் பிடியுங்கோ. ஓம், நிக்கிறன்.

கதவு திறக்கமுதல் ஒரு உதவி செய்யுங்கோ. நான் பொய் சொன்னனான் எண்டதுக்கு எனக்கு இங்கிலீசு தெரியும், அது பள்ளிக்கூடத்திலையே படிச்சது. அதை நானே சொல்லுவன். மற்றதுதான் தெரியாது. அவர் உங்களை விட்டிட்டுப் போகேல்லை, வரத்தான் பாத்தவர், அவையள்தான் விடேல்லை. இதை எப்பிடிச் சொல்லுறது? மெதுவாச் சொல்லுங்கோ பிள்ளை, நான் பின்னாலை சொல்லிக்கொண்டு வாறன்.